கைபேசிக்குள்ளும் ஒரு கிட்டங்கி இருக்கிறது

சென்ற மாதக் கூட்டத்தில் சந்தா பாக்கி, கடை முன்பு வாகனம் நிறுத்தும் தகராறு போன்ற வழக்கமான சங்கதிகளைப் பேசி முடித்துவிட்டுக் காபிக்காகக் காத்திருந்த நேரத்தில், உறுப்பினர் ஒருவர் தமது கைபேசியை மேசைமேல் வைத்தார். "வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. வாடிக்கையாளர் பணத்தை அனுப்பிவிட்டு நிற்கிறார். வந்ததா இல்லையா என்று பார்க்கலாம் என்றால் இது கண் விழிக்கவே மாட்டேன் என்கிறது. தீபாவளிக்குள் வேறு ஒன்று வாங்க வேண்டியதுதான்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஏழெட்டுப் பேர் தங்கள் சட்டைப் பையிலிருந்து அதே புகாரை எடுத்து வைத்துவிட்டார்கள். காபி ஆறிப் போயிற்று, பேச்சு ஆறவில்லை. அன்று பேசியவற்றோடு நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிட முடியாது. 2016 ஏப்ரலில் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் யு.பி.ஐ. முறையைக் கொண்டுவந்தபோது நம்மில் பெரும்பாலோர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் பார்த்தோம். இன்று கல்லாப்பெட்டியின் பாதி வேலையைக் கைபேசி செய்கின்றது. பற்றுவரவு அதில், மண்டியிலிருந்து வரும் விலைப்பட்டியல் அதில், கொள்முதல் பில் அதில், கணக்குப் பிள்ளைக்கு அனுப்புவதும் அதில். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கடை முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது, அந்தப் பெட்டி திறக்க இரண்டு நிமிடம் ஆனால் மூன்றாவது ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அரைக் கிலோ துவரம் பருப்புக்காக யாரும் தவம் கிடப்பதில்லை.

கைபேசி மெதுவானால் புதிது வாங்குவது என்பது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. பதினையாயிரம், இருபதாயிரம் என்று முதல் போகிறது. சில்லறை மளிகையில் அந்தத் தொகையை லாபமாகப் பார்க்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படித் தூக்கிப் போடப்படும் கைபேசிகளில் பலவற்றுக்கு நோயே இல்லை. கிட்டங்கி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான் என்பது நமது கருத்து.

முதலில் ஒரு சோதனை. பணம் வாங்கும் செயலி மட்டும் தாமதிக்கிறதா, அல்லது கணக்குப் போடும் கால்குலேட்டர், கேமரா இவையும் திறக்கத் தாமதிக்கின்றனவா என்று பாருங்கள். கால்குலேட்டர் உடனே திறந்து, பணச் செயலி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் குற்றம் கைபேசியின் மேல் இல்லை. சிக்னலின் மேலோ வங்கியின் மேலோதான். நமது கடைகளில் முன்பக்கம் இரும்பு ஷட்டர், மூன்று பக்கமும் மூட்டை அடுக்கு. அதற்கு நடுவில் சிக்னல் எப்படி நுழையும்? கைபேசியை வாசல் பக்கம் வைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். எல்லாமே தாமதித்தால்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கைபேசிக்குள் படம், கணக்கு, செயலி எல்லாம் தங்குகின்ற இடம் ஒரு சிறிய சில்லு. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம்தான் அது. இன்று கைபேசிகளில் உள்ள நாண்ட் என்ற வகை 1987இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்தச் சில்லுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நமது பேரேட்டில் ஒரு தொகை தவறாக விழுந்துவிட்டால் அதன் மேல் கோடு போட்டுப் பக்கத்திலேயே சரியான தொகையை எழுதுவோம். சில்லில் அது நடக்காது. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ கட்டுக் கட்டாக. ஒரு கட்டில் பல பக்கங்கள் இருக்கும். ஒரு பக்கத்தில் உள்ளதை மாற்ற வேண்டுமானால், புதியதை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்துக்குச் 'செல்லாது' என்று குறி வைத்துவிடும். செல்லாத பக்கங்கள் நிறையச் சேர்ந்த பிறகு, அந்தக் கட்டில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களை மட்டும் வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொண்டு, முழுக் கட்டையும் ஒரேயடியாக அழித்துக் காலி செய்யும். அதன் பிறகுதான் அங்கே மறுபடியும் எழுத முடியும்.

கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நொடியில் விளங்கும். பாதி காலியாக இருக்கும் கிட்டங்கியில் லாரி வந்தால் ஆள்கள் மூட்டையை நேரே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். கூரை வரை அடுக்கியிருக்கும் கிட்டங்கியில் பத்து மூட்டை சீனி இறக்க வேண்டுமென்றால் என்ன நடக்கும்? உள்ளே நாலு மூட்டை பொரிகடலையை வெளியே எடுத்து வைத்து, அதன் பின்னால் இருக்கும் கிழிந்த சாக்குகளைப் பொறுக்கி எறிந்து, நடைபாதை உண்டாக்கி, சீனியை இறக்கி, கடலையைத் திரும்ப ஏற்ற வேண்டும். இறக்கியது பத்து மூட்டை, சுமந்தது இருபது. கைபேசியும் அதையேதான் செய்கின்றது. இடம் நிரம்பிய பிறகு, ஒரு சின்னச் செய்தியைப் பதிவதற்குக்கூட உள்ளே நகல் எடுப்பதும் அழிப்பதும் நடக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சில்லின் ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பும் உண்டு. வீண் சுமை கூடக் கூட ஆயுளும் அந்த அளவுக்குக் குறையும்.

இது கற்பனைக் கதை அல்ல. கூகுள் நிறுவனம் அசூஸ் நிறுவனத்தைக் கொண்டு செய்து 2012இல் விற்ற நெக்சஸ் 7 என்ற கைக்கணினி வாங்கிய புதிதில் பறந்தது. சில மாதங்களில் நிரம்ப நிரம்ப நத்தையாகிவிட்டது. வாங்கியவர்கள் உலகமெங்கும் புலம்பினார்கள். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில், செல்லாத இடங்கள் எவை என்று சில்லுக்கு அவ்வப்போது தெரியப்படுத்தும் வேலையைச் சேர்த்தார்கள். கருவி சும்மா கிடக்கும் நேரத்தில், முக்கியமாகச் சார்ஜில் இருக்கும்போது, அந்தத் துப்புரவு தானாக நடக்கிறது. நம்மில் சிலர் இரவில் கடையை அடைக்கும்போது கைபேசியையும் அணைத்துக் கல்லாவில் போட்டுவிட்டு வருகிறார்கள். துப்புரவுக்கு வருகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது போன்றதுதான் இது. வாரத்தில் சில இரவாவது அணைக்காமல் சார்ஜில் கிடக்கட்டும்.

நிரம்புவது எதனால்? இதில் நமது பங்கு பெரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை இந்தியாவைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியர்களின் கைபேசிகள் ஏன் இப்படி நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்ததில், பூவும் சூரியனும் குழந்தையும் போட்ட காலை வணக்கப் படங்கள் கோடிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது தெரியவந்ததாம். அதற்கு ஒரு மாதம் முன்புதான், 2017 டிசம்பரில், இடத்தைக் காலி செய்து கொடுக்கும் ஃபைல்ஸ் கோ என்ற செயலியைக் கூகுள் வெளியிட்டிருந்தது. இப்போது அதன் பெயர் ஃபைல்ஸ் பை கூகுள். நமது உறுப்பினர்களின் குழுவிலேயே ஒரு நாளைக்கு எத்தனை காலை வணக்கம் விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். (இதை எழுதுகின்ற நாமும் குற்றவாளிதான்.) பருப்பு விலை ஏறிய தகவல் எங்கோ அடியில் கிடக்கிறது, மேலே ரோஜாப்பூ.

ஆகவே வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குவதே முறை. அதன் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்டு டேட்டா' என்ற பகுதிக்குப் போய் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால், பெரிய கோப்புகள் தனியாகவும், பலமுறை கைமாறி வந்தவை தனியாகவும், எந்தக் குழு எவ்வளவு இடம் அடைத்திருக்கிறது என்பது தனியாகவும் தெரியும். பேரன் பேத்தி வீடியோவை விட யாரென்றே தெரியாதவரின் சமையல் வீடியோ அதிக இடம் பிடித்திருப்பதைக் காணலாம். கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். அதே பகுதியில், படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை நிறுத்தவும் வழி இருக்கிறது. இதைச் செய்யாமல் கழித்துக்கொண்டே இருப்பது, ஓட்டைச் சாக்கைத் தைக்காமல் சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம். மொத்த இடத்தில் பத்தில் இரண்டு பங்காவது காலியாக இருக்கட்டும் என்பது நமது கணக்கு. அதற்கென்று சட்டம் ஏதுமில்லை; கிட்டங்கியில் நடைபாதைக்கு விடுகின்ற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எழுதியதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. கழிப்பது என்று இறங்கிவிட்டால் நம்மவர்களுக்குக் கை நிற்காது. நமக்குத் தெரிந்த எண்ணெய்க் கடை அண்ணாச்சி ஒருவர் கைபேசி மெதுவாகிறது என்று பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தார். அங்கிருந்த பையன், "அண்ணாச்சி, ரீசெட் போட்டுட்டா புதுசு மாதிரி ஓடும்" என்றான். போட்டான். ஓடத்தான் செய்தது. ஆனால் நாலு மாதப் பற்றுவரவும் போய்விட்டது. அவர் வைத்திருந்த கணக்குச் செயலி எல்லாவற்றையும் கைபேசியிலேயே வைத்திருந்தது. வெளியில் நகல் கிடையாது. மாதச் சம்பளக்காரர் வீடுகள் அறுபதுக்கு மேல். யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவர் வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டிய நிலை. பெரும்பாலோர் நியாயமாகச் சொன்னார்கள் என்பது நமது ஊரின் பெருமை. சிலர் சொல்லவில்லை என்பதும் உண்மை. அவர் வீட்டு அம்மா பழக்கத்தை விடாமல் ஒரு நோட்டில் பெரிய பாக்கிகளைக் குறித்து வைத்திருந்ததால் பாதியாவது தப்பியது. பையனைக் குறை சொல்லி என்ன பயன்? உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கைபேசியின் செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பது ஒன்று. செயலி தன் வசதிக்காக எடுத்து வைத்த தற்காலிகச் சரக்கு அது. அழித்தால் நஷ்டமில்லை, தேவைப்பட்டால் மறுபடி எடுத்துக்கொள்ளும். 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது மற்றொன்று. அதைத் தொட்டால் அந்தச் செயலி இந்தக் கைபேசியில் வைத்திருக்கும் அனைத்தும் போய்விடும். பணச் செயலியானால் மறுபடி எண்ணைப் பதிந்து முதலிலிருந்து வர வேண்டும். கணக்குச் செயலியானால், நகல் இல்லாத பட்சத்தில், எண்ணெய்க் கடை அண்ணாச்சியின் கதைதான்.

அதேபோலப் படங்கள். கூகுள் போட்டோஸில் நகல் ஏற்றும் வசதியைப் போட்டிருப்பவர்கள், அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் கைபேசியில் இருப்பதோடு மேலே ஏற்றியதும் சேர்ந்தே போகும். 'மேலேதான் இருக்கிறதே' என்று எண்ணி அழித்துவிட்டுப் பின்னால் தேடியவர்கள் நம்மிடையே உண்டு. கைபேசியில் மட்டும் இடம் வேண்டுமென்றால், அதற்கென்று அதே செயலியில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வழியைத்தான் பயன்படுத்த வேண்டும். நகல் வைக்கக் கூகுள் இலவசமாகத் தருகின்ற இடமும் மொத்தம் 15 ஜி.பி.தான். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப்பின் நகலும் 2024 முதல் அந்தப் பதினைந்துக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தப் படங்களில் கொள்முதல் பில்கள் இருக்கின்றன என்பதுதான் நமது கவலை. மொத்த வியாபாரிகள் பலர் இப்போது பில்லை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுகிறார்கள். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, பதிவு பெற்றவர்கள் ஓர் ஆண்டின் கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம்! காலை வணக்கத்தோடு சேர்த்து பில்லையும் கழித்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு மொத்தக் கடைக்காரரிடம் போய் நின்றால் அவர் எத்தனை பேருக்குத் தேடிக் கொடுப்பார்? வாரம் ஒருமுறை பில்களை மட்டும் தனியே எடுத்து, மாதவாரியாகப் பெயரிட்ட கோப்புறையில் போட்டு, கணக்குப் பிள்ளையின் கணிப்பொறிக்கோ ஒரு பென் டிரைவுக்கோ மாற்றி வைத்துக்கொள்வது உத்தமம். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் இருக்கட்டும். அதன் பிறகு கழிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே தட்டலில் கைபேசியைச் சுத்தம் செய்து வேகமாக்குகிறேன் என்று வருகின்ற செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பதுதான் நமது யோசனை. பின்னணியில் இருக்கும் செயலிகளை இவை கூண்டோடு அடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் அவை மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டியிருப்பதால் வேலை கூடத்தான் செய்யும். கிளீன் மாஸ்டர் என்ற செயலி ஒரு காலத்தில் எல்லாக் கைபேசிகளிலும் இருந்தது. அதைச் செய்த சீட்டா மொபைல் நிறுவனத்தின் செயலிகளை 2020 பிப்ரவரியில் கூகுள், தொல்லை தரும் விளம்பரங்களுக்காக வேறு பல நூறு செயலிகளோடு சேர்த்துத் தன் கடையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளின் பட்டியலிலும் கிளீன் மாஸ்டர் இருந்தது. கல்லாச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்துக் கடையைப் பெருக்கச் சொல்வோமா?

இடத்தைக் காலி செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. பாதிக்கு மேல் காலியாக இருந்தும் மெதுவாக இருந்தால் காரணம் வேறு. செயலிகள் ஒவ்வொரு பதிப்புக்கும் கனத்துக்கொண்டே போகின்றன, இரண்டு ஜி.பி. ராம் உள்ள பழைய கைபேசி அந்தப் பாரத்தைத் தாங்காது. வறுகடலை அடுப்புக்குப் பக்கத்திலும், வெயிலில் நிற்கும் டெம்போவின் முன்கண்ணாடி ஓரத்திலும் வைத்தால் சூட்டைத் தணிக்கக் கைபேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி தளர்ந்தாலும் பாதிப்பு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட மாற்றத்தின் மூலம், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தை வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமலே குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் குட்டு வெளிப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. கைபேசிகளை மந்தமாக்கிய மாற்றங்களுக்காக இத்தாலி 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ விதித்தது.

வெளிநாட்டில் தட்டிக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, அந்த ரகத்தின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பித்தல் தர வேண்டும், ஏழு ஆண்டுகள் உதிரி பாகம் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நமது நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு வலைத்தளம் தொடங்கியது. அது நல்ல தொடக்கம் என்று மட்டும் சொல்லலாம்.

நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்பதுதான் கேள்வி. நாம் விற்கின்ற கால் கிலோ மிளகாய்த்தூள் பொட்டலத்தில் சிப்பமிட்ட மாதமோ எடையோ விலையோ விட்டுப் போனால் எடையளவு ஆய்வாளர் வந்து வழக்குப் போடுகிறார். காலாவதித் தேதி கடந்த பிஸ்கட் ஒரு பாக்கெட் அலமாரியில் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பறிமுதல் செய்கிறார். செய்யட்டும், அது சரிதான். இருபதாயிரம் ரூபாய்க் கைபேசியின் பெட்டியில் விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது. எந்த ஆண்டு வரை இதற்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் வரும் என்ற ஒரு வரியை நாம் வாங்கிய எந்தப் பெட்டியிலும் பார்த்ததில்லை. பணம் புழங்குகின்ற கருவிக்கு அதுதானே காலாவதித் தேதி? அதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டு மத்திய நுகர்வோர் துறைக்கு மனு அனுப்பும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் கொண்டுவர எண்ணியிருக்கின்றோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வந்து பேசலாம்.

அன்று கைபேசியை மேசையில் வைத்தாரே, அந்த உறுப்பினரின் கைபேசியைத் திறந்து பார்த்தோம். 32 ஜி.பி.யில் அரை ஜி.பி.கூடக் காலியில்லை. பில்களை முதலில் அவர் மகனின் கணிப்பொறிக்கு மாற்றினோம். பிறகு வாட்ஸ்அப்பில் மட்டும் ஒன்பது ஜி.பி. கழிந்தது. தொடாமல் கிடந்த ஐந்தாறு விளையாட்டுச் செயலிகளும் போயின. முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது பணச் செயலி ஏழெட்டு விநாடியில் திறக்கிறது என்கிறார். புதிது அல்ல, ஆனால் கடைக்குப் போதும் என்கிறார். அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் சார்ஜரும் ஒரு பென் டிரைவும் கொண்டுவந்தால், கூட்டம் முடிந்ததும் கூட உட்கார்ந்து செய்து கொடுக்க அவர் மகன் சம்மதித்திருக்கிறார்.